இறக்கி ஏற்றிய எஞ்சின் ஏன் பிடிக்கவில்லை? போர்ஷே 944-இல் வேக சென்சாரைச் சோதிக்கும் முறை

[காட்சி: பானெட் திறந்த கார். செல்ஃப் அடிக்கும் ஓசை. எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.]

இந்த ஓசையைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் தயங்காமல் சுற்றுகிறது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் இருப்பது அந்தச் சீரான தாளத்திலேயே தெரிகிறது. ஆனாலும் எஞ்சின் ஒரு முறைகூடப் பிடிக்க முயலவில்லை. பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் ஹெட் கேஸ்கட்டும் மாற்றி, எஞ்சினை மறுபடி ஏற்றி, ஆயில் ஊற்றிச் சாவியைத் திருப்பும் நேரத்தில் இப்படி நடந்தால், எஞ்சினுக்குள் எதையோ தவறாக மாட்டிவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கு மேலே, அதை மூடும் பெல் ஹவுசிங்கில் இருக்கிறது.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கார், 1982 முதல் 1991 வரை தயாரான போர்ஷே 944. அதிலும் 2.5 லிட்டர், எட்டு வால்வு கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ள வகை. இன்றைய கார்களில் ஒரே சென்சார் பார்க்கும் வேலையை இந்த எஞ்சினில் இரண்டு சென்சார்கள் பிரித்துக்கொண்டு பார்க்கின்றன. ஆகவே எது எதற்காக இருக்கிறது என்பதை இதில் புரிந்துகொள்வது எளிது.

[காட்சி: பெல் ஹவுசிங்கின் மேற்புறம். ஒரு பிராக்கெட்டில் அருகருகே இரண்டு சென்சார்கள்.]

எரிபொருளையும் ஸ்பார்க்கையும் நிர்வகிக்கும் பாஷ் மோட்ரானிக் பெட்டியை இந்தக் காரில் டிஎம்இ என்று அழைப்பார்கள். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்ற இரண்டும் அந்தப் பெட்டிக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் கேள்விக்கு வேக சென்சார் பதில் சொல்கிறது: ஸ்டார்ட்டர் மோட்டார் கடித்துச் சுழற்றும், ஃபிளைவீலின் விளிம்பில் உள்ள அதே ரிங் கியரின் 132 பற்களையும் அது ஒவ்வொன்றாக எண்ணுகிறது. இரண்டாவது கேள்விக்குக் குறி சென்சார் பதில் சொல்கிறது: ஃபிளைவீலில் பொருத்தப்பட்ட ஒரே ஒரு சிறிய எஃகு முள் தன்னைக் கடக்கும்போது, ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் அது துடிப்பு அனுப்புகிறது.

இரண்டு சென்சார்களும் உள்ளமைப்பில் ஒன்றே. ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். இரும்புப் பல் ஒன்று முனையைக் கடக்கும்போது காந்தப் புலம் மாறுகிறது, அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பல் வேகமாகக் கடந்தால் அழுத்தம் கூடும்; இடைவெளி அகன்றால் குறையும். சென்சார் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் அதற்கு வெளியிலிருந்து சப்ளை எதுவும் தேவையில்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நமக்கு உதவும்.

வேக சிக்னல் வராவிட்டால், எஞ்சின் சுற்றுகிறது என்பதே டிஎம்இக்குத் தெரியாது. ஆகவே அது ஸ்பார்க் கொடுக்காது, இன்ஜெக்டரைத் திறக்காது, ஃபியூயல் பம்ப்பின் ரிலேவையும் இழுக்காது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இல்லாமல் போவதுதான் நமக்கு வேண்டிய அடையாளம். ஸ்பார்க் மட்டும் இல்லையென்றால் காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாருங்கள். பம்ப் மட்டும் ஓடவில்லையென்றால் ஃபியூஸையும் பம்ப்பையும் பாருங்கள். மூன்றும் சேர்ந்து போயிருந்தால் முதல் சந்தேகம் இரண்டு இடங்களுக்குச் சுருங்கிவிடுகிறது: ஒன்று இந்த சென்சார்கள், மற்றது டிஎம்இ பெட்டிக்கும் இன்ஜெக்டருக்கும் பம்ப்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலே.

ரிலேவைப் பிரித்தறிவது சுலபம். இன்ஜெக்டர் கனெக்டர் ஒன்றைக் கழற்றி, சாவியை ஆன் நிலையில் வைத்து, அங்கே 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பெட்டிக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் தரும் ரிலேவின் முதல் பாதி வேலை செய்கிறது. அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டில் ஆர்பிஎம் முள்ளை ஒருவர் உற்றுப் பார்க்கட்டும். சிக்னல் இருந்தால் முள் கொஞ்சமாவது துள்ளும். கல்லாக நின்றால், நாம் பெல் ஹவுசிங்கின் பக்கம் போக வேண்டும்.

போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்த எஞ்சினில், வால்வுகளைக் கிராங்க்கோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் தவறிய நிலையில் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எஞ்சின் வேலை முடிந்த பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் எல்லாம் பொருந்துவதை உறுதி செய்யாதவர்கள், சென்சாரைத் தேடுவதற்காகத் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்க வேண்டாம்.

[காட்சி: ஃபயர்வால் ஓரத்தில் இரண்டு கனெக்டர்கள், நெருக்கத்தில். பிளாஸ்டிக் மங்கியிருக்கிறது, ஒன்றின் கிளிப் உடைந்திருக்கிறது.]

இந்த இரண்டு கனெக்டர்களையும் பாருங்கள். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, முனைகளின் எண்ணிக்கையும் ஒன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்று எந்தத் தடையும் இல்லாமல் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். அப்படி மாற்றி மாட்டினால், 132 துடிப்புகளை எதிர்பார்க்கும் முனையில் டிஎம்இக்கு ஒரே ஒரு துடிப்பு வரும், ஒரு துடிப்பை எதிர்பார்க்கும் முனையில் 132 வரும். அந்தக் கணக்கு எதற்கும் ஒத்துவராது, எஞ்சின் பிடிக்காது. நான் முதன்முதலில் இந்த எஞ்சினை இறக்கி ஏற்றியபோது செய்த தவறு இதுவே. காயில், பம்ப், ரிலே என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன்; பேட்டரியை இரண்டு முறை சார்ஜ் செய்தேன்; இரவு பத்து மணிக்கு மேல், வேறு வழி தெரியாமல் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் பார்த்தபோது முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. புதிய சென்சாருக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்துவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஹார்னஸில், அதாவது ஒயர்க் கட்டில், டிஜி, பிஜி என்று எழுத்துகள் இருக்கும். டிஜி என்பது வேக சென்சாருக்கான ஜெர்மன் சொல்லின் சுருக்கம், பிஜி குறி சென்சாருக்கானது. ஆனால் முப்பது நாற்பது ஆண்டு எஞ்சின் சூட்டில் அந்த எழுத்துகள் பல கார்களில் உதிர்ந்துபோயிருக்கும். அப்படியானால் எது எது என்பதை சென்சார்களிடமே கேட்கலாம். எப்படி என்பதை இப்போது பார்ப்போம்.

[காட்சி: மல்டிமீட்டர். சென்சார் பக்கக் கனெக்டரின் முனைகளில் இரண்டு புரோப்கள்.]

முதலில் ஓம்ஸ் அளவு. சென்சார் பக்கத்துப் பிளக்கில் முதல் முனைக்கும் இரண்டாவது முனைக்கும் இடையே 600 முதல் 1600 ஓம்ஸ் வரை இருக்க வேண்டும். மூன்றாவது முனை, ஒயரைச் சுற்றி மின் இரைச்சலைத் தடுக்கும் உறையான ஷீல்டுக்கானது; அதற்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது, குறைந்தது ஒரு லட்சம் ஓம்ஸாவது காட்ட வேண்டும். முதல் அளவு முடிவிலியைக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. ஷீல்டோடு தொடர்பு தெரிந்தால் உள்ளே இன்சுலேஷன் போயிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் சென்சாரை மாற்றியே ஆக வேண்டும்.

அளவு சரியாக வந்தால் சென்சார் நல்லது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சுருள் அறுபடவில்லை என்பதை மட்டுமே ஓம்ஸ் சொல்கிறது. இடைவெளி சரியா, முனையில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. எஞ்சின் வேலைக்குப் பிறகு கெட்டிருப்பதோ பெரும்பாலும் அந்த இரண்டுதான்.

ஆகவே சிக்னலையே பார்த்துவிடுவோம். சென்சாருக்கு வெளி மின்சாரம் தேவையில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதனால் டிஎம்இ ரிலேவைக் கழற்றி வைத்துவிட்டே இந்தச் சோதனையைச் செய்யலாம். ஸ்பார்க்கும் பெட்ரோலும் இருக்காது, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும், சென்சார் தன் வேலையைச் செய்யும். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் பேட்டரிக்குச் சிரமம் குறையும்.

[காட்சி: மின் அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் திரை. நெருக்கமான அலை ஒன்று. அதன் கீழே வெற்றுக் கோட்டில் எப்போதாவது எழும் ஒற்றைக் கூர்முனை.]

மேலே தெரிவது வேக சென்சார். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 132 பற்களுக்கு நொடிக்கு 440 துடிப்புகள் வரும். மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் நிலை இருந்தால் அதே எண்ணை ஒட்டிக் காட்டும். ஏசி வோல்ட் நிலையில் அரை வோல்ட்டுக்குக் குறையாமல் நிலையாக நிற்க வேண்டும் என்பது இத்தகைய சென்சார்களுக்குப் பட்டறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. கீழே தெரிவது குறி சென்சார். நொடிக்கு மூன்று துடிப்பை ஒட்டித்தான் வரும் என்பதால் மல்டிமீட்டர் அதைப் பிடிக்கத் தடுமாறும். இங்கே ஸ்கோப் இருந்தால் நல்லது, மலிவான கையடக்க ஸ்கோப்பே போதும். எழுத்து உதிர்ந்த ஹார்னஸுக்கும் இதுவே விடை: தொடர் அலை தரும் ஒயர் வேக சென்சாருடையது, ஒற்றைத் துடிப்பு தருவது குறி சென்சாருடையது. கண்டவுடன் வெவ்வேறு நிற டேப் சுற்றிவிடுங்கள்.

அலை இருக்கிறது, ஆனால் உயரம் குறைவு என்றால் சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். கழற்றும்போது நிதானம் வேண்டும்; பழைய சென்சார்கள் பிராக்கெட்டில் இறுகிப்போயிருக்கும், ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உடைந்துவிடும்.

[காட்சி: கையில் சென்சார். முனையில் மீசைபோல் நிற்கும் இரும்புத் தூள்.]

கடைசல் வேலையிலும் கிளட்ச் வேலையிலும் உதிர்ந்த இரும்புத் தூள் காந்த முனையில் இப்படித்தான் வந்து சேர்கிறது. துணியால் துடைத்தால் போதும். முனையில் கீறலோ வெட்டோ இருந்தால் கதை வேறு: இடைவெளி குறைவாக இருந்து, ஃபிளைவீலின் முள் சென்சாரில் இடித்திருக்கிறது.

இந்த இடைவெளி 0.8 மில்லிமீட்டர். ஃபிளைவீலை மாற்றியிருந்தாலும், பிராக்கெட்டை ஒரு முறை தளர்த்தியிருந்தாலும் இதை மறுபடி வைத்தாக வேண்டும். எஞ்சின் காருக்குள் ஏறிய பிறகு இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் நுழைக்க அங்கே இடம் இல்லாததால், 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள வாஷர் ஒன்றைக் குறி சென்சாரின் முனையில் லேசாகப் பசை வைத்து ஒட்டுவார்கள். கிராங்க்கைக் கையால் சுற்றி, முள் சென்சார் துளைக்கு நேர் கீழே வந்து நிற்கும்படி செய்து, சென்சாரைப் பிராக்கெட்டில் பொருத்தி, வாஷர் முள்ளைத் தொடும்வரை பிராக்கெட்டை இறக்கி போல்ட்டை இறுக்க வேண்டும். பிறகு சென்சாரைக் கழற்றி, வாஷரைப் பிய்த்தெடுத்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். வாஷரை எடுக்க மறந்தவர்களும் இருக்கிறார்கள்.

சென்சார் பிளக்கில் அலை நன்றாக இருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், டிஎம்இ பெட்டியின் 35 முனைப் பிளக் வரை அதே அலை போய்ச் சேருகிறதா என்று அங்கேயும் அளந்து பாருங்கள். எஞ்சினை ஏற்றும்போது நசுங்கிய ஒயரும், எஞ்சினின் பின்புறத்தில் திரும்ப முடுக்க மறந்த எர்த் ஒயரும் இந்த இடத்தில்தான் அகப்படும்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பல கார்களில் 60 பற்களுக்கான வட்டத்தில் இரண்டு பல் குறைத்து, 58 பற்களோடு சக்கரம் இருக்கும். பல் ஒன்றுக்கு 6 டிகிரி, இல்லாத அந்த இரண்டு பல்லின் இடமே குறி. வெளி மின்சாரத்தில் இயங்கும், மூன்று ஒயர் கொண்ட ஹால் வகை சென்சாரை ஓம்ஸ் வைத்து அளக்கக் கூடாது. சப்ளை, எர்த், சதுர அலை ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் பி0335 என்ற பிழைக் குறியீடு வந்தால் அது கிராங்க் சென்சார் சர்க்யூட்டைக் குறிக்கிறதே தவிர, சென்சார்தான் கெட்டது என்று சொல்லவில்லை. எஞ்சின் வேலையில் வளைந்த பல் சக்கரமும் அதே குறியீட்டை வரவழைக்கும். பி0016 வந்தால் கிராங்க்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள், டைமிங்கைத் திறந்து பாருங்கள்.

[காட்சி: எஞ்சின் ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவில்.]

மறுபடி 944-க்கே வருவோம். எஞ்சின் பிடித்துவிட்டது என்பதற்காகக் கருவிகளை எடுத்து வைத்துவிட வேண்டாம். சுருளில் மயிரிழை விரிசல் உள்ள சென்சார் குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, சூடேறியதும் அறுந்துபோகும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆகவே எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அணைத்து, பானெட்டை மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில்தான் பெல் ஹவுசிங் பக்கம் வெப்பம் தேங்கும். பிறகு சாவியைத் திருப்புங்கள். பிடிக்காவிட்டால் வேறு எதையும் தொடாமல், சூடு ஆறுவதற்குள், அந்த இரண்டு கனெக்டர்களையும் கழற்றி ஓம்ஸ் அளவை எடுத்துவிடுங்கள்.