போர்மட் அடிப்பதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் எந்தக் கொம்பியூட்டர் திருத்தும் கடையிலும் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரு வசனம் காதில் விழும். "தம்பி, இது வேலை செய்துகொண்டிருக்கேக்க நிண்டு போகுது. ஒருக்கா போர்மட் அடிச்சுத் தாங்கோ." வருத்தம் என்னவென்று பார்க்க முன்னரே மருந்தையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். கடைக்காரருக்கும் அது வசதிதான். காரணம் தேடி மினக்கெடத் தேவையில்லை, பின்னேரத்துக்குள் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடலாம். கொப்பி எடுத்து வைக்காத கல்யாணப் படங்கள் போனால் போனதுதான்.

அப்படி போர்மட் அடிபடும் கொம்பியூட்டர்களில் ஒரு வகையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கிராபிக்ஸ் டிரைவர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் நின்றுபோகும் கொம்பியூட்டர்கள். இவற்றுக்கு போர்மட் தேவையில்லை. அடித்தாலும் பல வேளை பயனில்லை. இன்டர்நெட்டைக் கொடுத்ததும் விண்டோஸ் அப்டேட் அதே பொருந்தாத டிரைவரை மறுபடி கொண்டுவந்து போடும், நீங்களும் மறுபடி கடைக்குப் போவீர்கள்.

திரையில் தெரியும் படத்தை உருவாக்கும் பாகம் கிராபிக்ஸ் கார்ட். அதோடு பேசுவதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் மென்பொருள்தான் டிரைவர். வேர்ட் பழுதானால் வேர்ட் மட்டும் மூடும், மற்றவை ஓடும். கிராபிக்ஸ் டிரைவரின் முக்கியமான பகுதியோ விண்டோஸின் உள்மையத்திலேயே ஓடுகிறது. அது இடறினால் முழு இயந்திரமும் விழும். இதற்காக விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கார்டிடம் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் அசைவு இல்லையென்றால், விண்டோஸ் டிரைவரை மீளத் தொடக்கிப் பார்க்கும். திரை ஒரு கணம் கறுத்து, திரும்பி வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த முயற்சியும் சரிவராவிட்டால்தான், பிழையின் பெயரைக் காட்டி இயந்திரத்தை நிறுத்தும் நீலத்திரை. விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகளில் அது கறுப்பாகிவிட்டது.

அந்தத் திரை வந்ததும் பதறி பவர் பட்டனை அமத்தாதீர்கள். போனை எடுத்து ஒரு படம் பிடியுங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று இருந்தால், நான் சொன்ன அந்த 2 விநாடிக் காவல்தான் அது. அதோடு ஒரு கோப்பின் பெயரும் இருக்கலாம். என், வி என்று தொடங்கி என்விஎல்டிடிஎம்கேஎம் என்று இருந்தால் என்விடியாவின் டிரைவர். ஐஜிடிகேஎம்டி என்றால் இன்டெல். ஏஎம்டிகேஎம்டிஏஜி, பழையதில் ஏடிஐகேஎம்டிஏஜி என்றால் ஏஎம்டி. வாயில் நுழையாத பெயர்கள்தான், வானொலியில் கேட்டுப் பாடமாக்க முடியாது. முதல் இரண்டு எழுத்தைக் கவனித்தாலே போதும்.

சரி, முட்டல் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊர் கொம்பியூட்டர்களின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். ஏதோ ஒரு அலுவலகத்தில் பாவித்து முடிந்த டவர் ஒன்றை வாங்குவோம். அதில் தனிக் கார்ட் இல்லாமலே இன்டெலின் கிராபிக்ஸ் உள்ளே சேர்ந்திருக்கும். பிறகு மகன் கேம் விளையாட என்று பழைய ஏஎம்டி கார்ட் ஒன்று ஏறும். அதுவும் போதாமல், கனடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த என்விடியா கார்ட் அந்த இடத்துக்கு வரும். கார்டைக் கழற்றுகிறோம். அதன் டிரைவரையும், அதோடு வந்த துணை மென்பொருள்களையும் கழற்றுவதில்லை. இரண்டு மூன்று நிறுவனங்களின் டிரைவர்கள் ஒரே விண்டோஸில் இருப்பது மட்டும் குற்றமில்லை. அநேகமான கேமிங் லப்டொப்களில் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸும் என்விடியாவும் அருகருகேதான் இருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் பழைய பதிப்பின் மிச்சமும் புதிய பதிப்பும் கலந்து கிடப்பதும், கழற்றிய கார்டுக்காகப் போட்ட வேகம் கூட்டும் மென்பொருள் இன்னும் விண்டோஸோடு தானாகத் தொடங்குவதும், திரையைப் பதிவு செய்யும் இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கார்டைப் பிடித்து இழுப்பதும்தான் சிக்கல்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கொம்பியூட்டரின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரை விண்டோஸில் திறவுங்கள். மேலே 'வியூ' என்பதில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள். பிறகு 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். இப்போது பூட்டியிருக்கும் கார்டின் பெயர் தெளிவாகத் தெரியும். அதன் அருகில், எப்போதோ கழற்றி விற்ற கார்டின் பெயர் மங்கலாக நிற்கும். ஒரே கார்ட் வேறு வேறு துளையில் பூட்டப்பட்டிருந்தால் அதன் பெயரே இரண்டு தரம் நிற்பதும் உண்டு. தெளிவான பெயரின் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்து, உள்ளே 'கோட் 43' என்று சொன்னால், அந்தக் கார்டே பிழை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். அதற்கு டிரைவரும் காரணமாகலாம், கார்டும் காரணமாகலாம்.

கோளாறு ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் முந்திய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை முதலில் முயன்று பாருங்கள். சிலருக்கு அதோடு அலுவல் முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்கு முழுத் துப்புரவுதான் வழி. இங்கே ஒழுங்கு முக்கியம். உங்கள் கார்டுக்கான சரியான டிரைவரை முதலே இறக்கி டெஸ்க்டொப்பில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியூ என்று, பழைய கிராபிக்ஸ் டிரைவர்களை மிச்சமில்லாமல் துடைக்கும் ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதையும் இறக்குங்கள். லப்டொப் என்றால் பிட்லொக்கர் ரிகவரி கீயை, அதாவது பூட்டி வைத்த டிஸ்க்கைத் திறக்கும் இலக்கத்தை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போகும்போது சில இயந்திரங்கள் அதைக் கேட்டு அடம்பிடிக்கும், அந்த நேரத்தில் தேடிப் பிடிக்க முடியாது. பிறகு இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை நிறுத்தினால் மட்டும் போதாது, கேபிள் இருந்தால் அதையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால், பழையதை எடுத்த அடுத்த நிமிடமே விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். டிடியூ பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்தப் படியைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் சேஃப் மோடுக்குப் போகும் வழி திறக்கும். விண்டோஸுக்குள் போகவே முடியாத நிலை என்றால், தொடங்கும்போது இரண்டு மூன்று தரம் நிறுத்தினால் அந்த மெனு தானாக வரும். சேஃப் மோடில் டிடியூவை ஓட்டி, இப்போதிருக்கும் கார்டின் நிறுவனத்து டிரைவரையும் பழைய கார்டின் நிறுவனத்து டிரைவரையும் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். திரும்பி வந்ததும் எழுத்துகள் பெரிதாக, திரை அசிங்கமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், விண்டோஸின் அடிப்படை டிரைவரில் ஓடுகிறது. இப்போது எடுத்து வைத்த டிரைவரைப் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, கடைசியாகத்தான் இன்டர்நெட்.

சரியான டிரைவர் என்று சொன்னேன், புதிய டிரைவர் என்று சொல்லவில்லை. ஜீஃபோர்ஸ் ஜிடி 710 போன்ற பழைய கெப்ளர் வகைக் கார்டுகளுக்கு என்விடியாவின் 470 வரிசைதான் கடைசி. அதற்குப் பிந்தியதை அதில் ஏற்ற முயல்வது வீண் வேலை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததால், பழைய இயந்திரங்களை 11க்கு ஏற்றுகிறவர்கள் இதை முதலே பார்க்க வேண்டும். லப்டொப்புக்கு, அதைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மொடல் இலக்கத்தைக் கொடுத்து எடுப்பதே பாதுகாப்பு. 'உங்கள் டிரைவர்களில் 23 பழையவை' என்று சிவப்பில் மிரட்டும் இலவச அப்டேட்டர்களை என்னைக் கேட்டால் வீட்டுப்படி ஏற்றவே கூடாது.

எல்லாப் பழியையும் டிரைவர் மேல் போடவும் முடியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, காற்றாடியில் தூசி அடைத்தபடி ஓடும் கார்டும் இதே மாதிரித்தான் நின்றுபோகும். பலம் போதாத பவர் சப்ளையும் அப்படித்தான். ஒரு எளிய சோதனை உண்டு. கார்ட் இல்லாமலே கிராபிக்ஸ் உள்ள இயந்திரம் என்றால் கார்டைக் கழற்றிவிட்டு, மொனிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள துளைக்கு மாற்றி, இரண்டு நாள் பாவியுங்கள். அப்போதும் நின்றால் கார்டையும் அதன் டிரைவரையும் விட்டுவிட்டு வேறிடத்தில் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் திரையில் வேறு வேறு பிழைப் பெயர் வந்தால் நான் முதலில் ரேமைத்தான் சந்தேகிப்பேன்.

இவ்வளவையும் செய்ய நேரமில்லை, கடைக்கே கொண்டுபோகிறேன் என்பவர்கள், பிடித்த படத்தைக் காட்டுங்கள். இதற்கு முன் என்னென்ன கார்ட் பூட்டியிருந்தது, எந்த அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்று சொல்லுங்கள். "தம்பி, போர்மட் அடிக்கிறதுக்கு முதல் டிரைவரை முழுசாக் கழற்றிப் பாருங்கோ" என்று கேளுங்கள். அப்படியும் அடித்தே ஆகவேண்டும் என்றால், சி டிரைவில் டெஸ்க்டொப்பையும் டவுன்லோட்ஸையும் கொப்பி எடுத்தாயிற்றா என்று அவர் தொடங்க முன்னரே கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.