எட்டுக்கால் பூச்சிக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்

வணக்கம். சிட்னியில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர் பலர், விசா வந்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "அங்கே எட்டுக்கால் பூச்சி கடித்தால் ஆளே போய்விடுவாராமே?" வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஆபத்தானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்னி ஃபனல் வெப். கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், ஈர மண்ணிலும் கல்லுக்கடியிலும் வளை கட்டி வாழும். இது கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அதெல்லாம் எப்போது? ஸ்ட்ரூவன் சதர்லண்ட் என்ற மருத்துவரின் குழு உருவாக்கிய விஷமுறிவு மருந்து 1981இல் புழக்கத்துக்கு வந்தது, அதற்குப் பிறகு இந்தச் சிலந்தியால் ஒருவர்கூடச் சாகவில்லை. மறுபடியும் சொல்கிறேன், ஒருவர்கூட இல்லை. அந்த மருந்துக்கான விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சோமர்ஸ்பியில் இருக்கும் ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவுக்குப் பொதுமக்கள் ஜாடியில் பிடித்துக் கொடுக்கும் சிலந்திகளிடமிருந்தும்தான்!

சரி, நீங்கள் நிஜமாகவே பார்க்கப்போவது இதை அல்ல, ஹன்ட்ஸ்மேன் என்ற இன்னொரு சிலந்தியை. காலை விரித்தால் உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு, சுவரில் சரசரவென்று ஓடும். பார்க்கத்தான் பயங்கரம். வலை பின்னி உட்காராமல் கரப்பான்பூச்சியைத் தேடிப்போய்ப் பிடித்துத் தின்னும், அதனால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு நண்பரின் அம்மா, திரைச்சீலைக்கு மேல் ஒன்றைப் பார்த்துவிட்டு அந்த அறையில் படுக்கவே மாட்டேன் என்று ஹாலுக்கு வந்துவிட்டார். நான் போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை அதன்மேல் மெதுவாகக் கவிழ்த்தேன், சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே கெட்டி அட்டையைச் செருகினேன், அவ்வளவுதான். ஒளி ஊடுருவும் டப்பா என்பதால் எட்டுக் கண்களும் இரண்டு வரிசையாக இருப்பதை அம்மாவுக்குக் காட்ட முடிந்தது. கொல்லையில் யூகலிப்டஸ் மரத்தடியில் விட்டதும் விறுவிறுவென்று ஏறி, உரிந்து தொங்கிய பட்டைக்குள் காகிதம் மாதிரி நுழைந்துகொண்டது. அம்மா தள்ளி நின்று கடைசிவரை பார்த்தார். அடுத்த மாதம் அவரே போன் செய்தார்: "தம்பி, இன்னொண்ணு வந்திருக்கு, அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன், டப்பாவோட வா."

காருக்குள் வந்தால் மட்டும் கவனம். பதறி ஸ்டியரிங்கை விடுவதுதான் ஆபத்து, ஓரமாக நிறுத்திவிட்டுக் கதவைத் திறங்கள்.

அப்புறம் ரெட்பேக், முதுகில் சிவப்புக் கோடு. வெளியே கிடக்கும் நாற்காலிக்கடியில், பூந்தொட்டி இடுக்கில் இருக்கும். கடித்தால் நன்றாக வலிக்கும், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். இதற்கும் 1956 முதலே மருந்து இருக்கிறது. வாசலில் விட்ட செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டுப் போடுங்கள்.

ஃபனல் வெப் கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே கடிபட்ட கை அல்லது கால் முழுக்க இறுக்கமாகக் கட்டுப் போட்டு, அசையாமல் இருந்து, அவசர உதவி எண் 000 அழையுங்கள்.

நேரம் முடிகிறதாம். கடலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன்: இங்கே கடற்கரையில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு, அதற்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள், கொடி இல்லாவிட்டால் காலைக்கூட நனைக்க வேண்டாம். வணக்கம்.