பதினோராம் எண் கூண்டு

(கடலூர் முதுநகரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். கூப்பிட்ட நண்பர்களுக்கும், மீன் ஏலம் முடிந்து வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் நன்றி.

"விஞ்ஞானத்துல, கம்ப்யூட்டர்ல, போன்ல புதுசா என்னென்ன வந்திருக்கு, நமக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த வேப்ப மரத்தில் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கரை எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கோயில் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் தேர்தலுக்கும் கட்டுகிற அதே ஸ்பீக்கர்தான்.

பெண்ணையாற்றைத் தாண்டி வடக்கே போனால், புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு. உங்களில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்தது. வீராம்பட்டினத்தில், நல்லவாட்டில் எல்லாம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், தெருவில் ஸ்பீக்கர். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போடும் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் சொல்வார்கள். "நாளைக்கு அலை இத்தனை மீட்டர்" என்று காதில் விழும். போகலாமா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை. நல்லவாட்டுப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுமத்ராவில் பூகம்பம் என்ற செய்தி அவர் காதுக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள். ஓடுங்கள், ஊருக்கே சொல்லுங்கள் என்றார். பூட்டியிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்துப் போய் மைக்கைப் போட்டார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர். படகு போயிற்று, வீடு போயிற்று, ஜனம் பிழைத்தது.

அதே காலையில் இங்கே கடலூர்க் கரையில், தேவனாம்பட்டினத்தில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூகம்பம் வந்தது நம் நேரத்துக்கு ஆறரை மணிக்கு. அலை நம் கரைக்கு வந்தபோது எட்டரை தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரம். உலகத்தில் எத்தனையோ கருவிகளில் அந்தப் பூகம்பம் பதிவாகியிருந்தது. தெரிந்தவர்கள் இருந்தார்கள். தெரிந்தது நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான்.

அதனால் எந்தப் புதுக் கருவி வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இது கடைசி வீட்டுக்கு வந்து சேருமா? இன்றைய செய்திகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன்.

முதலில் செயற்கை நுண்ணறிவு. ஏஐ என்றதும் படம் வரைவது, கட்டுரை எழுதுவது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். நமக்கு வேண்டியது வானிலை. இதுவரை வானிலைக் கணிப்பு எப்படி நடந்தது? பூமியைச் சுற்றியுள்ள காற்றைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரம், காற்றழுத்தம் எப்படி மாறும் என்று இயற்பியல் சமன்பாடுகளை வைத்துக் கணக்குப் போடுவார்கள். மலை மாதிரி கணக்கு. அதற்குப் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

2023 நவம்பரில் கூகுளின் டீப்மைண்ட் ஆட்கள் கிராஃப்காஸ்ட் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதற்குச் சமன்பாடு கிடையாது. ஏறக்குறைய 40 ஆண்டு உலக வானிலைப் பதிவை அதற்குக் கொடுத்துப் பழக்கினார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன் வானம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இந்த இரண்டையும் சொன்னால் அடுத்த ஆறு மணி நேரம் எப்படி இருக்கும் என்று சொல்லும். அதையே திரும்ப உள்ளே கொடுத்து, பத்து நாளுக்குக் கணிக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய வானிலை மையமும் தன் சொந்த ஏஐ கணிப்பை அன்றாட வேலைக்கே கொண்டுவந்துவிட்டது.

இது உங்களுக்குப் புது விஷயமில்லை. மேற்கே மேகம் கட்டியிருக்கிறது, வாடை திரும்பிவிட்டது, நீரோட்டத்தின் இழுப்பு மாறுகிறது என்று பார்த்து "இன்னைக்கு வலை வேண்டாம்" என்று சொல்கிற தாத்தா எந்தச் சமன்பாட்டைப் போட்டார்? அறுபது வருஷம் பார்த்த ஞாபகம். இதற்கு மொத்த உலகத்தின் ஞாபகம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிராஃப்காஸ்ட் உலகத்தைப் பிரித்துப் பார்க்கிற ஒரு சதுரம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் அகலம். புதுச்சேரியும் கடலூரும் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? காற்று 70, 80 கிலோமீட்டர் வேகம்தான். 2011-ல் தானே புயலைப் பார்த்த நமக்கு அது ஒரு காற்றா? ஆனால் கரை ஏறிய புயல் நகராமல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஒரே நாளில் அங்கே 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பாதை எங்கே என்பதில் ஏஐ கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. புயல் எவ்வளவு வலுக்கும், எந்தத் தெருவில் எவ்வளவு கொட்டும் என்பதில் இன்னும் அதன் கை தளர்கிறது. அதனால்தான் சின்னப் பெட்டிக் கணக்கை யாரும் விட்டுவிடவில்லை. 2025 மே மாதம் நம் நாட்டில் தொடங்கிய பாரத் கணிப்பு முறையில் சதுரம் ஆறு கிலோமீட்டர். புனேயில் அர்கா என்ற சூப்பர் கம்ப்யூட்டர் அதற்காக ஓடுகிறது. முன்னே 12 கிலோமீட்டராக இருந்தது.

அதே 2025-ல் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. ஏஐ வைத்துப் பருவமழை எப்போது தொடங்கும் என்று கணித்து, நம் நாட்டில் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று முடிவு எடுக்கிறவன் கைக்கே போயிற்று. கணித்ததோடு நிற்காமல் அனுப்பினார்களே, அதுதான் பெரிய காரியம்.

சரி, அனுப்பினால் வருமா? இங்கேதான் என் சொந்தத் தொழில் வருகிறது.

இருபது வருஷத்துக்கு மேல் செல்போன் கோபுரங்களில் மின்சாரப் பகுதியைப் பார்த்தவன் நான். கோபுரத்தின் அடியில் ஒரு இரும்பு அலமாரி இருக்கும். உள்ளே 48 வோல்ட் பேட்டரி வரிசை. கரண்ட் இருக்கும்போது மீட்டர் 54 காட்டும். கரண்ட் போனதும் பேட்டரி சுமையை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் ஜெனரேட்டர் இருந்து, டீசலும் இருந்தால் கவலையில்லை.

தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30 காலை. மறுநாள் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கோபுரத்துக்கு டீசல் கேனோடு போனேன். சாலை முழுக்க மரம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்ததைப் பார்த்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். வண்டியை விட்டுவிட்டுக் கேனைத் தோளில் தூக்கி நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது மீட்டர் 45-ல் இருந்தது. டேங்க்கில் 100 லிட்டர் டீசல் இருப்பதாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. டேங்க்கைத் திறந்தால் அடியில் கசடு. நான் கொண்டுபோனதை ஊற்றி, ஜெனரேட்டரை உசுப்ப உசுப்ப அது எழுந்திருக்கவில்லை. கண் முன்னால் 44, 43.8, 43.5. அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம். பேட்டரி செத்துவிடாமல் இருக்கத் தானாகவே துண்டித்துக்கொள்ளும் ரிலே அது. காற்றாடிச் சத்தம் நின்றது. அந்த நிமிஷத்தில் எத்தனை ஊர் ஊமையானது என்று எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்ல வரவில்லை. அந்தப் பொய்க் கையெழுத்தை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

இதே கதை ஃபெஞ்சலிலும். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து பெண்ணையாற்றில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். என் அக்கா வீடு நாணமேட்டில், ஆற்றை ஒட்டி. முந்தின நாளிலிருந்து கரண்ட் இல்லை, அக்கா போன் அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டி எழுப்பி, மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனான். மூன்று நாள் கழித்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றியதும் வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்தன. நடுவில் வெள்ள எச்சரிக்கையும் இருந்தது, ஆங்கிலத்தில். அக்கா தமிழ் மட்டும் படிப்பார். "இது என்னடா?" என்று என்னிடம் நீட்டினார். வீட்டுக்குள் இடுப்பளவு சேறு.

குறுஞ்செய்தி என்பது தபால் மாதிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். போன் அணைந்திருந்தால் அங்கேயே காத்திருக்கும். நெரிசலில் மாட்டினால் தாமதமாகும். இதற்கு மாற்றாக வந்திருப்பதுதான் செல் ஒலிபரப்பு. 2023-ல் ஒருநாள் உங்கள் போன் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டுக் கத்தியதே, அது அதற்கான சோதனை. சி-டாட் என்ற அரசு நிறுவனம் உருவாக்கியது. கோபுரம் கோயில் மணி மாதிரி அடித்துவிடும். யார் எண் என்ன என்று பார்ப்பதில்லை. அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனிலும் ஒரே கணத்தில் கேட்கும், நெரிசல் தடுக்காது. எச்சரிக்கை செல்லுபடியாகும் நேரம் வரை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும்படி செய்யலாம், நடுவில் போனை உயிர்ப்பித்தவருக்கும் போய்ச் சேரும். தமிழிலும் அனுப்பலாம். புதிதாக விற்கும் போன்களில் இந்த வசதி இருந்தே ஆக வேண்டும் என்று 2023-ல் விதியும் வந்துவிட்டது.

ஆனால் பேட்டரி அலமாரியில் அந்த "டக்" கேட்டுவிட்டால் இதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் கோபுரம் படுத்தால் இன்னொன்றின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் புயல் நேரத்தில் இப்போது செய்கிறார்கள். நல்லதுதான். இரண்டும் படுத்தால்?

அதற்குத்தான் வானத்தைப் பார்க்கிறார்கள். 2022-ல் ஐபோன் 14-ல் செயற்கைக்கோளுக்கே நேராக அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்தது, சில நாடுகளில் மட்டும். இங்கே 2025-ல், செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க்குக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறு. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் செத்த மீன். 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு 2019-ல் ஜெமினி என்ற சின்னப் பெட்டி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் வழியாக உங்கள் போனுக்குத் தரும். குறை என்னவென்றால், உங்களால் பதில் சொல்ல முடியாது. இஸ்ரோவின் நபமித்ரா இருவழி. படகு கவிழ்கிறது என்றால் நீங்கள் கரைக்குச் சொல்லலாம். ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் என்ற இருவழிக் கருவி தரும் திட்டம் 2024-ல் தொடங்கியிருக்கிறது. சங்கத்துக்காரர்களே, அந்தப் பட்டியலில் நம் ஃபைபர் படகுகள் இருக்கின்றனவா என்று போய்க் கேளுங்கள். விசைப்படகோடு நின்றுவிடக் கூடாது.

நிசார் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இஸ்ரோ, நாசா கூட்டுச் செயற்கைக்கோள். ரேடார் என்பதால் மேகத்தை ஊடுருவி, இருட்டிலும், தரையைப் பார்க்கும். எங்கே தண்ணீர் தேங்கியது என்று படம் தரும். 12 நாளுக்கு ஒருமுறைதான் ஒரே இடத்தை அதே பாதையில் பார்க்கும் என்பதால் அவசர எச்சரிக்கைக்கு அதை நம்ப முடியாது. பின்னால் வடிகால் எங்கே வெட்டுவது என்று திட்டம் போட உதவும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எல்லோருக்கும் தெரியும். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு. ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது. பத்து என்றால் பெரிய ஆபத்து. பதினொன்று என்ன? பலர் பத்தைவிடப் பெரிய புயல் என்று நினைக்கிறார்கள். இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். இனி மேலேயிருந்து சொல்ல யாரும் இல்லை, துறைமுகத்தில் இருக்கும் அதிகாரி கடலைப் பார்த்து, ஆபத்து என்று தானே முடிவு செய்து ஏற்றும் கூண்டு அது. அந்தக் காலத்து மனிதர்கள் புயலின் அளவுகளை எண்ணி முடித்துவிட்டு, கம்பி அறுந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு எண் ஒதுக்கி வைத்தார்கள். இதை முதன்முதலில் கேள்விப்பட்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் கையில் இருக்கும் புதுக் கருவிகளில் பதினோராம் எண் எது?

இரண்டு வேலை இருக்கிறது. வாசலில் என் பேரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். போகும்போது போனை அவனிடம் காட்டுங்கள். அமைப்புகளுக்குள் அவசர எச்சரிக்கை என்ற பகுதி திறந்திருக்கிறதா என்று பார்ப்பான். சத்தம் தொந்தரவு என்று பல வீட்டில் பிள்ளைகள் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். கீபோர்டு வைத்த பழைய போன் என்றாலும் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று இந்த ஸ்பீக்கர். கீழே இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனை இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் என்று அர்த்தம். இத்தனை வருஷமாக அதில் யாரும் வயர் மாட்டியதில்லை, தூசி படிந்து கிடந்தது. மதியம் துடைத்து, ஒரு டிராக்டர் பேட்டரியை இணைத்து வைத்திருக்கிறேன். பேட்டரியை யார் வீட்டில் வைப்பது, மாதம் ஒருமுறை யார் சார்ஜ் ஏற்றுவது என்று இன்றைக்கே பஞ்சாயத்தார் ஒரு பெயரை எழுதிவிட வேண்டும். கையெழுத்தோடு.

தம்பி, மைக் செட், இப்போ அந்தப் பிளக்கைப் பிடுங்கு. முழுசாப் பிடுங்கிடு.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சொல்லுங்கள். கேட்கிறதா? தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கிறதா?