மேசைக் கண்ணாடியும் தொடுதிரையும்

நேயர்களுக்கு வணக்கம். நம் வீடுகளில் மேசைமேல் கண்ணாடி போட்டு, அதற்கடியில் பிள்ளைகளின் படத்தைச் செருகி வைப்போம், இல்லையா? கண்ணுக்குத் தெரிவது படம். விரல் வைத்தால் படுவது கண்ணாடி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் தொழிற்சாலைகளில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொடுதிரை இருக்கும். பம்பை ஓட்டுவது, நிறுத்துவது எல்லாம் அதில்தான். அதில் தெரியும் பட்டன், தொட்டி, குழாய் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்தவை. பிந்தி வரைந்தது பெரும்பாலும் மேலே நிற்கும். இந்தத் திரைகளை வரைவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு.

ஒருநாள் இரவு ஷிஃப்டில், சாஸ் கலக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆபரேட்டர் தம்பி போன் செய்தார். "அண்ணே, ஸ்டாப் பட்டன் அழுத்துறேன், பம்ப் நிக்க மாட்டேங்குது!" நான் போவதற்குள் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைத் தட்டி நிறுத்தியிருந்தார். அது திரையில் உள்ளதில்லை, தனியாக வயர் இழுத்துப் பொருத்திய நிஜ பட்டன். நல்லவேளை.

திரையைத் துடைத்தோம். கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினோம். அணைத்துப் போட்டுப் பார்த்தோம். அப்புறம்தான் கவனித்தேன்: பட்டனின் இடது ஓரத்தில் தொட்டால் வேலை செய்கிறது, நடுவில் தொட்டால் இல்லை. மடிக்கணினியில் திறந்தால், பட்டனின் முக்கால்வாசிக்கு மேல் ஒரு அலாரப் பெட்டி! அலாரம் வந்தால் அது சிவக்கும், தொட்டால் ஆபரேட்டர் பார்த்துவிட்டார் என்று பதிவாகும். அலாரம் இல்லாதபோது பெட்டியையே மறைத்திருக்க வேண்டும். வரைந்தவர் நிறத்தை மட்டும் எடுத்துவிட்டார். தம்பி ஸ்டாப் என்று அழுத்தியதெல்லாம் வராத அலாரத்தைப் பார்த்துவிட்டதாகவே போயிருக்கிறது. அதே மேசைக் கண்ணாடி. தெரிவது ஒன்று, தொடுவது வேறு. பெட்டியைத் தள்ளி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்டுபிடிக்கத்தான் விடிந்துவிட்டது.

சரி, திரையில் அசையும் படங்களுக்கு வருகிறேன். திரையில் கலக்கி, அதாவது சாஸைக் கலக்கும் கருவி, சுழன்றால், தொட்டிக்குள்ளும் சுழல்கிறது என்றுதானே நம்புவோம்? பல திரைகளில் 'ஓடு' என்று கட்டளை போனதுமே படம் சுழல ஆரம்பித்துவிடும். பெல்ட் அறுந்து உள்ளே கலக்கி சும்மா நின்றாலும் படம் ஜோராகச் சுழலும். இது எனக்குப் பொறுக்காத விஷயம். 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று நினைத்தார்கள். மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. வால்வு திறந்தே கிடந்தது, அணு உலையின் குளிர்நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. அன்று இருந்தது வெறும் விளக்கு, இன்று சுழலும் படம். தெரிவது ஒன்று, நடப்பது வேறு. கலக்கியின் தண்டில் ஒரு சென்சார் வைத்து, அது சொன்னால் மட்டும் படத்தைச் சுழல விடலாம்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மினுக்கும் பொருள்களைப் பற்றி நிறைய எழுதி வந்தேன், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இன்னும் யாரும் பார்க்காத அலாரம் மட்டும் மினுக்கட்டும், மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருக்கட்டும். நாளை ஷிஃப்டுக்குப் போகும் தம்பி தங்கைகளே, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, உங்கள் ஸ்டாப் பட்டனை நடுவிலும் நான்கு ஓரங்களிலும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வணக்கம்.