காற்று வீசாத காட்டில் யார் வாழ்வார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

கற்பனை உலகங்களை வைத்துக் கதை எழுதுபவன் நான். அந்த உலகங்களுக்கான செடிகொடிகளையும் விலங்குகளையும் எப்படிப் படைப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது.

புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் உருவத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சிங்க உடம்பில் கழுகுத் தலையை வைப்பார்கள், ஆறு கால் கொடுப்பார்கள், வாலில் ஒரு கொடுக்கு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது எதைத் தின்னும், எங்கே தூங்கும், அதன் குட்டியை எது தூக்கிக்கொண்டு போகும் என்று கேட்டால் பதில் வராது. பதில் இல்லாத விலங்கு கதையில் ஒருமுறை தலைகாட்டும், அப்புறம் மறந்துபோகும்.

சங்கப் பாடல்களில் அசுணம் வருகிறது. அது விலங்கு என்பாரும் உண்டு, பறவை என்பாரும் உண்டு. உருவத்தில் இத்தனை குழப்பம் இருந்தும் அசுணம் நம் மனதில் நிற்கிறது. காரணம், அதன் சுபாவம் நமக்குத் தெரியும். யாழிசை கேட்டால் மயங்கும், பறையொலி கேட்டால் உயிரை விட்டுவிடும். ஒரு பாடலில் அது, யானையின் மதநீரை மொய்க்கிற வண்டுகளின் ரீங்காரத்தை யாழ் என்று எண்ணி, மலைப்பிளவுக்குள் இருந்தபடி காதுகொடுத்துக் கேட்கிறது. யானை, வண்டு, அசுணம் மூன்றையும் ஒரே ஓசையில் கட்டிவிட்டார் அந்தக் கவிஞர். ஓர் உயிரைப் படைப்பது என்றால் இதுதான் என்பேன்.

அறிவியலிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1862இல் டார்வின் மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் பூ ஒன்றைப் பற்றி எழுதினார். அந்தப் பூவின் பின்னால் சுமார் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழல் தொங்கும். தேன் அதன் அடியில் மட்டும்தான். அப்படியானால் அந்த நீளத்துக்கு உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று அந்தத் தீவில் இருந்தாக வேண்டும் என்றார். பூச்சியை அவர் பார்த்ததே கிடையாது. 1882இல் அவர் இறந்தும் போனார். அப்படி ஒரு பூச்சி அங்கே இருப்பதை 1903இல் விவரித்து எழுதினார்கள். பூவைச் சரியாகப் படித்தவருக்குப் பூச்சி தானாகவே தெரிந்தது.

சரி, நாமும் ஒரு காட்டை உண்டாக்கிப் பார்ப்போம். காற்றே வீசாத காடு. இந்த ஒன்றை மட்டும்தான் மாற்றுகிறோம்.

முதலில் புல் போய்விடும். புல் குடும்பம் பெரும்பாலும் காற்றை நம்பித்தான் மகரந்தத்தைப் பரப்புகிறது. புல் இல்லையென்றால் புல்வெளி இல்லை, மேய்கிற கூட்டம் இல்லை, அதைத் துரத்துகிற வேட்டை விலங்கும் இல்லை. தானியங்கள் எல்லாம் புல் இனம்தான் என்பதால், அங்கே வாழும் மனிதர்கள் கிழங்கையும் பழத்தையும் நம்பித்தான் இருப்பார்கள்.

அப்புறம் வாசனை. காற்று இல்லாத இடத்தில் வாசனை விட்ட இடத்திலேயே கிடக்கும். காலையில் ஒரு விலங்கு நடந்துபோன தடம் சாயங்காலமும் அப்படியே மணக்கும். அதனால் தரையில் நடப்பது ஆபத்து, மரம்விட்டு மரம் தாவுவதுதான் பிழைக்கும் வழி. பூவுக்கும் சிக்கல்தான், மணத்தை அனுப்பித் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட முடியாது. அது ஒலியை நம்ப வேண்டியதுதான்.

இங்கே நான் வைக்கிற செடி தாம்பாளக்கொடி. பூவுக்கு மேலே குழிந்த, விறைப்பான இலை ஒன்று இருக்கும். இருட்டில் தாவுகிற சொடுக்கி என்ற சின்ன விலங்கு நாக்கைச் சொடுக்கிக்கொண்டே வரும். அந்த ஒலி இலையில் பட்டுத் தெளிவாகத் திரும்பும். சொடுக்கி பூவுக்குள் முகத்தை விட்டுத் தேன் குடிக்க, மகரந்தம் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். தேன் தீர்ந்ததும் இலை தளர்ந்து தொங்கிவிடும், எதிரொலி கேட்காது, யாரும் வீணாக வர மாட்டார்கள். நம் உலகத்திலும் இதற்கு ஆதாரம் உண்டு. வௌவாலின் ஒலியை இப்படித் திருப்பி அனுப்பும் கிண்ண வடிவ இலையோடு ஒரு கொடி கியூபாவில் இருக்கிறது.

அந்த இலையில் ஒரு பாம்பு சுருண்டு படுத்திருக்கும். அது படுத்தால் எதிரொலி லேசாக மந்தமாகும். வயதான சொடுக்கி இரண்டாம் முறை சொடுக்கிப் பார்த்துவிட்டு வேறு கொடிக்குத் தாவிவிடும். இளசு நேரே உள்ளே போகும். அந்த இரண்டாவது சொடுக்கு இருக்கிறதே, அதில் ஒரு கதையே இருக்கிறது என்று நம்புகிறேன்.

பறக்கும் நாகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். உடம்பின் நீள அகல உயரத்தை இரட்டிப்பாக்கினால் எடை 8 மடங்காகும், அதைத் தாங்குகிற எலும்பின் குறுக்குப் பரப்பு 4 மடங்குதான் ஆகும். 1638லேயே கலிலியோ இதை விளக்கி எழுதிவிட்டார். யானை அளவு உடம்பு பறக்க வேண்டுமென்றால் மந்திரம் வேண்டும். மந்திரத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்த மந்திரத்துக்கும் தீனி போட வேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கற்பனை உலகங்களில் பலர் மறந்துவிடுவது, செத்ததை யார் தின்பார்கள் என்பதை. அரசர்களுக்கும் அரக்கர்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கும், புழுவுக்கும் காளானுக்கும் ஒரு வரி இருக்காது. எனக்கு இது பெரிய குறை. நம் உலகத்தில் செத்த எலியையும் சிறு பறவையையும் மண்ணுக்குள் புதைத்து, ரோமத்தை நீக்கி, அதை வைத்தே குஞ்சுப் புழுக்களை வளர்க்கும் வண்டுகள் இருக்கின்றன. தாயும் தகப்பனும் சேர்ந்து ஊட்டும்.

என் காட்டிலும் அவற்றை வைக்கிறேன். ஆனால் அங்கே பிண வாடையைத் தூரத்துக்குக் கொண்டுபோகக் காற்று இல்லையே. அதனால் சாவு அடிக்கடி விழும் இடத்தின் பக்கத்திலேயே வண்டு குடியிருக்க வேண்டும். பாம்பிடம் கடிபட்டும் தப்பித் தாவிய சொடுக்கி, சில அடி தூரத்தில் விழுந்து கிடக்கும். ஆகவே தாம்பாளக்கொடியைச் சுற்றியுள்ள மண்ணில்தான் வண்டின் வளைகள். புதைத்ததில் மிஞ்சியது கொடிக்கு உரம். பாம்பு அதிகம் தங்கும் கொடி, மற்றதைவிட நிறையப் பூக்கும். நிறையப் பூத்தால் சொடுக்கிகளும் நிறைய வரும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.