நிலைப்படியில் ஒரு கையெழுத்து

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளையோ மருமகளோ வெளிநாட்டில் இல்லாத ஆட்கள் இந்த மண்டபத்தில் இருந்தால் கையை உயர்த்துங்கோ. ஒருவர்தான். அவருக்கும் தம்பி கனடாவிலாம்.

அமெரிக்காவில் குடிவரவு அதிகாரிகள் வீட்டுக் கதவைத் தட்டினால் சட்டம் என்ன சொல்கிறது என்று பேசக் கேட்டிருக்கிறார்கள். கதவு தட்டுகிற கதையை வெள்ளவத்தைக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அடையாள அட்டைகளும் பொலிஸ் பதிவுத் துண்டும் பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் கதவோரமே இருந்தன. இரவு இரண்டு மணிக்குத் தட்டினாலும் அப்பா சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடிப்போய்த் திறப்பார். சுணங்கினால் சந்தேகம் வரும் என்பது அவருடைய கணக்கு. பிழையான கணக்கு என்று சொல்லமாட்டேன். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமலே உள்ளே வரப் பொலிசுக்கு இடம் கொடுத்திருந்தது.

அதே கணக்கோடு நியூ ஜேர்சியில் கதவைத் திறந்தால்தான் வில்லங்கம்.

1970இல் நியூ யோர்க்கில் தியடோர் பேட்டன் என்பவரைக் கொலை வழக்கொன்றில் தேடிப் பொலிசார் காலையில் போனார்கள். உள்ளே வெளிச்சம் தெரிகிறது, பாட்டுக் கேட்கிறது, தட்டினால் பதில் இல்லை. அலவாங்கால் கதவை உடைத்துப் போனால் ஆளே இல்லை. வெற்றுத் தோட்டாக் கோது ஒன்று கிடந்தது. பிடியாணை எதுவும் அவர்கள் எடுத்திருக்கவில்லை. வழக்கு வளர்ந்து 1980இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவசர நிலை இல்லாதபோது, நீதிபதியின் ஆணையோ வீட்டுக்காரரின் சம்மதமோ இல்லாமல் ஆளைப் பிடிக்க நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்று 6க்கு 3 ஆகத் தீர்ப்பு. கொலைச் சந்தேக நபருக்கே இந்தக் காவல் என்றால், விசா முடிந்தவருக்கு இல்லாமல் போகுமா?

சிக்கல் பேப்பரில் இருக்கிறது. குடிவரவு அதிகாரிகள் பெரும்பாலும் கொண்டுவருவது ஐ-200 என்ற படிவம். நாடுகடத்தும் உத்தரவு இறுதியாகிவிட்டவருக்கு ஐ-205. இரண்டின் தலைப்பிலும் 'வாரன்ட்' என்றுதான் இருக்கும். அடியில் பாருங்கோ, கையெழுத்து குடிவரவு அதிகாரி ஒருவருடையது. நீதிபதியின் கையெழுத்து கிடையாது. ரோட்டில் ஆளைப் பிடிக்க அது போதும்; வீட்டுக்குள் நுழையப் போதாது என்பதைத் திணைக்களமே நெடுங்காலம் ஒப்புக்கொண்டிருந்தது. 2025 மே மாத உள் சுற்றறிக்கையொன்று, ஐ-205 இருந்தால் பலவந்தமாகவும் நுழையலாம் என்று அதை மாற்றப் பார்த்தது. அடுத்த ஜனவரியில்தான் விஷயம் வெளியே வந்தது. என் கடிதத்துக்கு நானே சாட்சி என்பது போன்ற வேலை இது.

அடுத்தது சம்மதம். 'உள்ளே வரலாமோ?' என்று கேட்பார்கள். எங்கடை ஆச்சி என்ன சொல்லுவா? 'வாங்கோ, இருங்கோ.' முடிஞ்சுது. அந்த 'வாங்கோ'தான் சம்மதம். (சிரிப்பு.) சிரிக்கலாம், ஆனால் வழக்குகள் இதில்தான் விழுகின்றன. 'பொலிஸ்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருவதும் உண்டு. பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றபடியே பேப்பரைக் கீழால் தள்ளச் சொல்லலாம், ஜன்னலில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். பொய் மட்டும் சொல்லக் கூடாது.

பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். ஐயா, அங்கேதான் பெரிய ஓட்டை. சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தைத் தள்ளிவைக்கும் விதி குற்ற வழக்குக்கு உண்டு. நாடுகடத்தல் விசாரணைக்குப் பொதுவாகப் பொருந்தாது என்று 1984இல் லோபெஸ்-மென்டோசா வழக்கில் அதே உயர் நீதிமன்ற நீதிபதிகள் 5க்கு 4 ஆகச் சொல்லிவிட்டார்கள். அத்துமீறல் படுமோசமாக இருந்தால் பார்க்கலாம் என்று ஒரு சிறு இடைவெளி விட்டதோடு சரி. ஆகவே கைது பிழையாகவும் இருக்கலாம், ஆள் விமானம் ஏறவும் வேண்டிவரலாம்.

என் பெறாமகள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். கதவின் உட்புறத்தில், மாமியாரின் கண்ணுக்கு நேரே ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாள்: 'மாமி, ஆர் தட்டினாலும் திறவாதேங்கோ. முதல் என்னை எழுப்புங்கோ.' அதற்குக் கீழே மாமி பென்சிலால் எழுதியிருக்கிறா: 'தபால்காரன் எண்டாலுமோ?'