ஜப்பான் தேசிய ரயில்வே: 37 லட்சம் கோடி யென் கடன் வந்த வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானிய ரயில் என்றதும் நம் நினைவுக்கு வருவது புல்லட் ரயில்தான். அதை உருவாக்கிய ஜப்பான் தேசிய ரயில்வே என்ற நிறுவனமோ இன்று இல்லை. 1987 மார்ச் 31 நள்ளிரவோடு, ஏறத்தாழ 37 லட்சம் கோடி யென் கடனைச் சுமந்தபடி அது முடிவுக்கு வந்தது. உலகமே வியந்த வேலையைச் செய்தவர்கள் ஏன் நொடித்துப்போனார்கள்? ஊழியர்களின் மெத்தனம், தொழிற்சங்கங்களின் பிடிவாதம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடை பாதி உண்மை. மீதிப் பாதியை நாடாளுமன்றத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே 1872இல் முதல் ரயில் ஓடியது. 1906இல் சட்டம் இயற்றிப் 17 தனியார் கம்பெனிகளை அரசு வாங்கிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு, அப்போது ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் அறிவுறுத்தலின்படி, 1949 ஜூன் 1 அன்று ரயில்வே, போக்குவரத்து அமைச்சகத்தின் பிடியிலிருந்து பிரிக்கப்பட்டுப் பொதுக் கழகமாயிற்று. ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. போர்முனையிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் திரும்பியவர்களையெல்லாம் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை 6 லட்சத்தை எட்டியிருந்த வேளை அது. ஏறத்தாழ 95,000 பேரை நீக்கும் பொறுப்பு முதல் தலைவர் ஷிமோயாமா சடனோரியின் தலையில் விழுந்தது. பதவியேற்று ஐந்து வாரம் கழிந்த ஜூலை 6 அன்று, தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. கொலையா தற்கொலையா என்பது இன்றுவரை தீரவில்லை.

கழகம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அதன் கையில் அதிகாரம் கொடுக்கவில்லை. கட்டணத்தை ஏற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். தேர்தல் வரும் ஆண்டில் அதற்கு யார் கைதூக்குவார்கள்? வரவு செலவுத் திட்டத்துக்கும் அதே ஒப்புதல் வேண்டும். புதிய பாதைகளை முடிவு செய்வதிலும் அரசியல்வாதிகளின் குரலே ஓங்கியிருந்தது.

இந்தக் கட்டுகளுக்குள் இருந்துகொண்டுதான் நான்காம் தலைவர் சோகோ ஷின்ஜி புல்லட் ரயிலைக் கொண்டுவந்தார். மொத்தப் பாதையில் 3 விழுக்காடே நீளமுள்ள டோக்கியோ - ஒசாகா தடம் நாட்டின் ரயில் போக்குவரத்தில் ஏறத்தாழக் கால்பங்கைத் தாங்கித் திணறிக்கொண்டிருந்தது. அவர் அழைத்துவந்த பொறியாளர் ஷிமா ஹிதேயோவின் தந்தையும் ரயில்வே பொறியாளரே. அகலப் பாதைக்காக வாதாடித் தோற்றுப் பதவியை விட்டவர். உண்மையான செலவைச் சொன்னால் திட்டமே நிறைவேறாது என்று கருதிய சோகோ, கணக்கைக் குறைத்துக் காட்டினார். பிறகு வந்த ஆட்சியாளர்கள் பாதியில் நிறுத்திவிடாதபடி 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடனும் பெற்றார். சாமர்த்தியம்தான், நேர்மை என்று சொல்லமாட்டேன். செலவு இரு மடங்கானது வெளிப்பட்டதும், 1963இல் இருவரும் விலகினர். 1964 அக்டோபர் 1 காலை 6 மணிக்கு டோக்கியோ நிலைய நடைமேடையில் நாடாவை வெட்டியவர் அடுத்த தலைவர். 515 கிலோமீட்டருக்கு இவ்வளவு பாடுபட்ட ஷிமா அதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார்.

அதே அக்டோபர் 5 அன்று, வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பிக்கோ தடம் என்ற 21.2 கிலோமீட்டர் பாதையும் திறக்கப்பட்டது. கடற்கரை வரை நீள வேண்டிய அந்தப் பாதை, காட்டோரச் சிற்றூர் ஒன்றோடு நின்றுபோனது. பத்தாண்டுகளில், 100 யென் வருமானத்துக்கு 3,800 யென்னுக்கு மேல் அது விழுங்கியது. உள்ளூர் மேயர் டோக்கியோவின் கின்சா கடைத்தெருவுக்கே வந்து, நாட்டிலேயே பெரிய நட்டத் தடம் என்பதையே விளம்பரமாக்கிப் பயணச்சீட்டு விற்றார். அப்படியும் 1985இல்தான் அதை மூட முடிந்தது. 1964ஆம் நிதியாண்டில் விழுந்த பற்றாக்குறை அந்த நிறுவனத்தை விட்டு நீங்கவே இல்லை. பாதை கேட்டவர்கள் வாக்கு வாங்கினார்கள். கடனை ரயில்வே வாங்கியது.

தொழிற்சங்கங்களின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்த உரிமைக்காகவே 1975 நவம்பர் 26 முதல் எட்டு நாள் ரயில்களை நிறுத்தினார்கள். தலைநகரின் காய்கறிச் சந்தை வெறிச்சோடும் என்று எண்ணியிருந்தார்கள். சரக்கு லாரியில் வந்து இறங்கியது. ரயில் இல்லாமலும் காலம் தள்ளலாம் என்பதை நாட்டுக்குக் காட்டியதுதான் மிச்சம். மறு ஆண்டே கட்டணம் ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்ந்தது, பயணிகளும் விலகினர்.

1987 ஏப்ரல் 1 முதல் ஆறு பயணியர் நிறுவனங்களும் ஒரு சரக்கு நிறுவனமும் பிறந்தன. கூட்டம் நிறைந்த தடங்களைப் பெற்றவை கொழித்தன. ஹொக்கைடோ நிறுவனத்துக்கு லாபம் வராது என்பது தெரிந்தே, ஒரு நிதியை ஒதுக்கி அதன் வட்டியில் நட்டத்தை ஈடுகட்டச் சொன்னார்கள். வட்டி விகிதம் சரிந்ததும் அந்த ஏற்பாடும் படுத்தது. பழைய ரயில்வேயின் கடனில் 25.5 லட்சம் கோடி யென்னை, அதை அடைப்பதற்கென்றே அமைத்த தீர்வுக் கழகம் ஏற்றது. அந்தக் கழகம், நிலங்களை விற்றும் 1998இல் ஏறத்தாழ 28 லட்சம் கோடியோடு கலைந்தது. அதில் பெரும்பகுதி அரசுக் கணக்கில் ஏறியது. அதை அடைக்க அவ்வாண்டே புகையிலைக்குச் சிறப்பு வரி போட்டார்கள். ரயில் ஏறாதவரும் சிகரெட் வாங்கும்போது அந்த வரியைக் கட்டுகிறார்.

நன்றி, வணக்கம்.